இரண்டரைக் கட்டை கேதீஸ்

பொங்கல் விழா ஒத்திகையில் முதல் வரியிலேயே என் மனுசன் பாட்டை நிறுத்திவிட்டு, கீபோர்டை எட்டிப் பார்த்தார். அதன் சின்னத் திரையில் மைனஸ் ஒன்று. சுருதியை அரைக் கட்டை இறக்கிவிடும்படியும், அதை இவருக்குச் சொல்லவேண்டாம் என்றும் கீபோர்ட் வாசிக்கிற ஜனார்த்தனிடம் கேட்டுக்கொண்டவள் நான்தான்.

"அக்காதான் சொன்னாங்க அண்ணே," என்று அந்த நல்ல மனிதர் உடனே என்னைக் காட்டிக்கொடுத்தார்.

ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றுகிற கேதீஸ்வரன் என்றால் நாங்கள் இருக்கிற பாபடோயிட்டோயில் பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டரைக் கட்டை கேதீஸ் என்றால் ஆக்லாந்துத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருடமாக இங்கே பொங்கல் விழா என் மனுசனின் இரண்டரைக் கட்டைக் குரலில்தான் தொடங்குகிறது. போன வருடம் உச்சத்தில் குரல் பிசிறியது. சனம் இரக்கப்பட்டு அளவுக்கு மீறிக் கைதட்டியது. இன்னொரு முறை அந்தக் கைதட்டலைக் கேட்க என்னால் முடியாது.

"என்னை ஏமாத்திப் பாட வைக்கப் பாத்தனீர், என்ன? இனி நான் பாடமாட்டன்," என்றார். மூன்று நாள் என்னோடு கதையில்லை.

அந்தச் சனிக்கிழமைக் கச்சேரிக்கு எப்போதோ டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். பாடுகிறவர் க்ளெனிஸ் பிரைஸ், வேல்ஸ் நாட்டுக்காரி. கொழும்பில் படிக்கிற காலத்தில் ரேடியோவில் கேட்டு இவர் கிறங்கிப்போன குரல். இப்போது எழுபத்தொன்பது வயது, மேடையேறி அறுபது வருடம். பேர் வாங்கித் தந்த பாட்டுக்கு முன்னால் அந்த அம்மா வாத்தியக்காரர் பக்கம் திரும்பி, மைக்கிலேயே சொன்னார்: இருபது வயதில் பாடிய உயரத்தில் வேண்டாம், இன்றைக்கு என் குரல் எங்கே இருக்கிறதோ அங்கே வாசியுங்கள். சபை சிரித்தது. பிறகு பாடினார். தாழ்ந்த குரல்தான், ஒரு சொல்கூட நடுங்கவில்லை. சிரித்த சனமெல்லாம் எழுந்து நின்றது. இவர் எழவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "பொங்கலுக்குப் பாடுறன்," என்று மட்டும் சொன்னார். இந்த முறை நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. விழாவன்று ஜனார்த்தன் பழைய சுருதியையே வைத்துக் காத்திருந்தார்.

இவர் மைக்கைப் பிடித்தார். "ஜனார்த்தன், ரெண்டரை வேண்டாம். ஒரு கட்டையிலை வாசியுங்கோ. எனக்கு அறுபத்தொரு வயசு."

"அவ்வளவு கீழயா அண்ணே?"

"ஓம். அங்கைதான் நான் நிக்கிறன்."

என் மனுசன், என் மனுசன் என்று எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது.

இவர் சபைக்குள் கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார். "ரதி, இப்ப உமக்குச் சரியோ?"

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. முகம் கொதிக்க, தலையை ஆட்டினேன். இவர் மோவாயை நிமிர்த்தி மூச்சை இழுத்தார்.