ஒற்றைக் கண்ணனுக்குப் போன பெட்டி

கல்குழியில் என் கணவன் வெர்லின் சுட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தோட்டா "பொத்" என்றது. கை உதறவில்லை. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. தோட்டாவின் கூட்டைக் கழற்றி உள்ளே பார்த்தான். வெடிமருந்து எரிந்த சுவடே இல்லை.

"காலிக்கூடு, லெனோரா."

"ஒண்ணு காலின்னா..."

"இன்னொண்ணுல ரெண்டு பங்கு."

அதைச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கும். வீட்டு நிலவறை மேசையில் அவன் காலிக்கூடுகளில் மருந்து போட்டு இந்தத் தோட்டாக்களைச் செய்துகொண்டிருந்தபோது என் தம்பி ஹார்லன் போன் செய்தான். "என்ன மச்சான், என் தோட்டாப் பெட்டி ரெடியா? இல்ல, அக்கா உன்னப் பாத்திரம் கழுவ விட்டுட்டாளா?" இருவரும் சிரித்தார்கள். திரும்பி வந்தவன் போட்ட கூட்டிலேயே மறுபடி மருந்து கொட்டும் கைப்பிடியை இழுத்திருக்கிறான். இழுத்த கணக்கும் கூடுகளின் கணக்கும் சரியாக வந்தன. கடைசிக் கூடு காலியாக நின்றதை யார் பார்த்தது?

பழைய வகை மருந்தாக இருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும். அது பொதபொதவென்று கூட்டை நிறைக்கும். இரண்டாம் தடவை போட்டால் மேசையெல்லாம் வழியும். இந்த வேக மருந்து கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை. இரண்டு பங்கு போட்டாலும் குண்டை வைக்க இடம் மிச்சமிருக்கும். குண்டை அழுத்துமுன் ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பார் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "வழிஞ்சா தெரியாதா?" என்பான். புது மருந்துக்குப் பழைய புத்தி.

எங்கள் பங்கில் கையளவுதான் மிச்சம். வண்டியில் கிடந்த, குண்டு கழற்றும் சுத்தியலால் அங்கேயே தட்டிப் பிரித்தோம். கடவுளே, அந்தப் பாழாய்ப்போனது இதிலேயே இருக்கட்டும் என்று வேண்டினேன். எல்லாம் சரியான அளவு.

மற்ற பாதி ஹார்லனிடம். அவன் மலைக்குடிலில் இருந்தான். அங்கே போன் எடுக்காது. வேலிக்கம்பி தெறித்து ஒரு கண் போனவன் அவன். சுடும்போது கண்ணாடி போடுடா என்றால், "ஒத்தக் கண்ணுக்கு எதுக்குக்கா ரெட்டைக் கண்ணாடி?" என்று நக்கலடிப்பான்.

வெர்லின் வண்டியைப் பேய் பிடித்தவன்போல ஓட்டினான்.

"அவன் இன்னும் சுட்டிருக்க மாட்டான்," என்றான்.

"சுட்டிருக்க மாட்டானா? பெட்டியக் கையில வச்சுக்கிட்டு அவன் என்னைக்குச் சும்மா இருந்தான்?"

"ஏதாவது நல்லதாச் சொல்லேன்."

"என்கிட்ட இல்ல, வெர்லின்."

அவன் அழுதான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. அந்தக் கைப்பிடியைப் பிடித்த கையை உடைக்கலாம்போல இருந்தது.

குடிலுக்கு முன்னால் வேலிக்கட்டைகளில் டின்கள் வரிசையாக நின்றன. பாதிதான் விழுந்திருந்தன. புல்லில் துப்பாக்கி கிடந்தது. அதன் தோட்டா போடும் உருளை பிளந்து, மேலே இருந்த இரும்புப் பட்டை பிய்ந்து போயிருந்தது.

ஹார்லன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் இரத்தத் துண்டு. நாய் எங்களைப் பார்த்து வாலாட்டியது. மலைமேல் நல்ல வெயில். வெர்லின் அவனுக்கு நேரே போய் நின்றான்.

ஹார்லன் முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினான்.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சு. யாரு வந்திருக்கீங்க?"

நான்தான் சொன்னேன்.

"மச்சான் வந்திருக்கார்டா."

"வந்துட்டியா மச்சான்?" என்று அவன் கையை நீட்டினான், ஆள் இல்லாத பக்கமாக.