வெள்ளைக்கரை இல்லாத சிறகு

கண்ணாடிக் கடைக்காரருக்கு வலது கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து நாளாகியிருந்தது. கண்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. ஊருக்கெல்லாம் பார்வை அளந்து கொடுத்தவர், தன் வீட்டுக்குள்ளேயே சுவரைத் தடவித் தடவி நடந்தார்.

அவருடைய அக்கா தன் கணவரிடம் போய் நின்றாள். அவர் பஸ் டிரைவர்.

"தம்பிய கழிமுகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அவனும் நானும் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு."

"பேசவா சொன்னேன்? கூட்டிட்டுப் போகத்தானே சொன்னேன்."

மச்சான்கள் இருவரும் குளிர்காலம் தவறாமல் அந்தச் சேற்றுவெளியில் பறவைக் கணக்கெடுத்தவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன், செங்கால் உள்ளான் பறவைகளுக்கு நடுவே ஒரு புள்ளிச் செங்கால் உள்ளானைப் பார்த்ததாக டிரைவர் கணக்குத் தாளில் எழுதினார். அங்கே அது அபூர்வம்; பறக்கும்போது சிறகில் வெள்ளைக்கரை இல்லாததுதான் அதன் அடையாளம். கடைக்காரர் எல்லோர் முன்னாலும் அந்த வரியை அடித்துவிட்டு, "முதல்ல கண்ண டெஸ்ட் பண்ணுங்க அத்தான்" என்றார். "நீ போட்டுக் குடுத்த கண்ணாடிதான்டா இது" என்றார் டிரைவர். கூட்டமே சிரித்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் இருவரும் கரைமேட்டில் உட்கார்ந்தார்கள். பனிமூட்டத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. ஏறிவரும் கடல்நீர் சத்தமில்லாமல் சேற்றை மூடிக்கொண்டு வந்தது.

பனி விலகி, டிரைவர் பைனாகுலரை எடுக்கும் சத்தம் கேட்டதும் கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "என்ன நிக்குது?"

"உன் ஆளுங்கதான். செங்கால். பஸ் வராத ஸ்டாப்புல நிக்கற மாதிரி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துட்டு நிக்குது."

"அலகு?"

"அடிப்பக்கம் சிவப்பு. மேலயும் கீழயும். நுனி கறுப்பு."

"சரிதான். பச்சைக்கால் உள்ளான் இருக்கா?"

"தள்ளி ரெண்டு. வாய்க்கா ஓரம்."

சொல்லச் சொல்லக் கடைக்காரரின் மூடிய கண்ணுக்குள் சேறு பளபளத்தது. அதன்மேல் சிவப்புக் கால்கள் ஒவ்வொன்றாக வந்து ஊன்றின. தான் விழித்திருக்கிறோமா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மேலே பருந்து ஒன்று வட்டமிட்டது. கூட்டம் மொத்தமாக எழும்பியது. 'ட்யூ-ஹு-ஹூ, ட்யூ-ஹு-ஹூ' என்று நாலாபக்கமும் ஒரே கூச்சல். சிறகுகளின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைக்கரை பளிச்சிட்டது. ஒரே ஒரு பறவையின் சிறகில் மட்டும் அந்தக் கரை இல்லை. டிரைவர் அதையே பார்வையால் துரத்தினார். சொல்லலாமா? மறுபடியும் கண்ணை டெஸ்ட் பண்ணச் சொன்னால்?

"அத்தான்." கடைக்காரர் அவர் கையைத் தேடிப் பிடித்தார். "சூவிட்னு ஒரு குரல். கேட்டீங்களா? ஒண்ணு மட்டும் வேற."

டிரைவர் அந்தப் பறவையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ம்" என்றார்.

"அதோட சிறகுல வெள்ளை இருக்கா?"

"இல்லடா. முதுகுல மட்டும் ஒரு கோடு."

"அப்ப அதேதான். புள்ளிச் செங்கால்." அவர் பிடித்த கையை விடவில்லை. "அன்னைக்கு நீங்க பார்த்ததும் இதுவாத்தான் இருந்திருக்கும். நான்தான் அடிச்சுட்டேன்."

டிரைவர் பைனாகுலரை மடியில் இறக்கி வைத்தார்.

"அன்னைக்கு எனக்கே நிச்சயம் இல்ல மச்சான். எதிர்வெயில். அது பறக்கவும் இல்ல. நீ அத்தன பேர் முன்னால சொன்னதால வீம்புக்கு நின்னுட்டேன்."

கடைக்காரர் முதலில் மெல்லச் சிரித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "ரெண்டு வருஷம், அத்தான்!"

"உங்கக்கா கிட்ட சொல்லிடாத. நம்ம ரெண்டு பேரையும் உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா."

பருந்து போய்விட்டது. உள்ளான்கள் திரும்பி வந்து, மிச்சமிருந்த சேற்றுத்திட்டில் நெருக்கியடித்து இறங்கின. எது எந்த இனம் என்று இனிமேல் பிரிக்க முடியாது. எல்லாம் ஒற்றைக்காலில் நின்று, அலகை முதுகில் செருகிக்கொண்டன. டிரைவர் தணிந்த குரலில் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தார். முப்பதைத் தாண்டும்போது அவர் தோளில் பாரம் விழுந்தது. மச்சான் தூங்கிப்போயிருந்தார். டிரைவர் அசையாமல் உட்கார்ந்து, எண்ணுவதை மட்டும் நிறுத்தாமல் தொடர்ந்தார்.