வலக்கையால் கொடுத்த எக்ஸ்ரே

மெடிக்கல் போர்டு டாக்டர் எழுதியிருந்த அபிப்பிராயத்தை வக்கீல் வைத்தீஸ்வரன் தமிழில் படித்துச் சொல்லச் சொல்ல, அது வேறு யாருடைய கையைப் பற்றியதோ என்றுதான் உமைராவுக்கு முதலில் தோன்றியது. எக்ஸ்ரே உறையை வலக்கையால் சிரமமின்றி நீட்டினார், பிடிமானம் போதுமானது, நிரந்தர ஊனம் இல்லை.

அவள் கணவன் சலாவுதீன் அந்தக் கையை மடியில் கிடத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தாராவி பெல்ட் பட்டறையில், தோல் வெட்டும் பிரஸ் மெஷினில் நசுங்கிய கை. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் மடங்கவில்லை. பட்டறையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. தொழிலாளர் இன்சூரன்ஸில் ஊனத்துக்கென்று ஆயுள் முழுக்க மாதாமாதம் தரும் உதவித்தொகை ஒன்றையே அந்த வீடு நம்பியிருந்தது. டாக்டரின் எழுத்து அந்த வழியையும் அடைத்துவிட்டது.

"அடிபட்ட கையால ஏன் குடுத்தேள்?" என்று வைத்தீஸ்வரன் கேட்டார்.

உமைராதான் பதில் சொன்னாள். "வயசான மனுசரு கை நீட்டுதாரு. பீச்சாங்கையால எப்படி சார் குடுக்க?"

கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே உறையைச் செருகி, வலியைக் காட்டாமல் சிரித்தபடி நீட்டினானாம். வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மும்பையிலேயே, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தானும் அப்படித்தான் கொடுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு அப்பீலுக்கு எழுத ஆரம்பித்தார்.

அவரிடமும் சொல்லாத ஒன்று உமைராவிடம் இருந்தது. விபத்துக்குப் பிறகு சலாவுதீனால் ஒரு கவளம் பிசைய முடியவில்லை. இடக்கையால் சாப்பிட அவன் மனம் ஒப்பவில்லை. இயலாதவனுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அல்லாஹ் சலுகை கொடுத்தாலும் சோறு தன் தொண்டையில் இறங்காது என்றான். அதனால் வேளாவேளைக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டினாள். மகள் சஃப்ரீனுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று அவன் வாக்கு வாங்கியிருந்தான். எந்நேரமும் கதவுகள் திறந்தே கிடக்கும் சந்து அது. "என்ன உமைரா, பட்டப்பகல்ல கதவடைப்பு, மாப்பிள்ளைக்கு இப்பத்தான் வயசு திரும்புதாக்கும்?" என்று எதிர்வீட்டு மாரீஸ்வரி கேலி செய்தபோது, உமைராவும் வெட்கப்படுகிறவள் போல் சிரித்து வைத்தாள்.

விசாரணையன்று சலாவுதீன் கூண்டில் ஏறினான். எந்தக் கை உதவுமோ அந்தக் கையைப் பயன்படுத்துங்கள் என்று வைத்தீஸ்வரன் சொல்லியிருந்தார். கிளார்க் நீட்டிய காகிதத்தை அவன் இடக்கையால் வாங்கினான். முகம் கருத்துவிட்டது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அதற்காகவே காத்திருந்தவர் போல் எழுந்தார். போர்டில் வலக்கை, இங்கே இடக்கை, இந்த நடிப்பைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று இந்தியில் கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். சலாவுதீன் கூண்டிலிருந்து இறங்கினான்.

அடுத்து உமைராவைக் கூப்பிட்டார்கள். வீட்டில் உங்கள் கணவருக்கு என்னென்ன உதவி வேண்டியிருக்கிறது என்று வைத்தீஸ்வரன் கேட்டார். அவள் சலாவுதீனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் மெல்லத் தலையசைத்தான். மனசுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டாள்.

"சோறு நான்தான் ஊட்டுதேன்" என்றாள்.

அதை யாராவது பார்த்ததுண்டா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"யாரும் பாத்துரக் கூடாதுன்னுதானே ஐயா கதவ அடைச்சோம்."

வைத்தீஸ்வரன் அதை நீதிபதிக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. சலாவுதீன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கடைசியாக டாக்டர் வந்தார். பெரியவருக்கு இடக்கையால் கொடுக்கக் கூடாது என்றுதான் அவர் வலக்கையால் நீட்டினார் என்று சொல்லிவிட்டு, விரல்களை மடக்கச் சொல்லிப் பார்த்தீர்களா, பிடிமானத்தை அளந்தீர்களா என்று வைத்தீஸ்வரன் கேட்டார். அளந்தேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். டாக்டர் சலாவுதீனின் கையைப் பார்த்தார். அன்று கூட்டம் அதிகம், அளக்கவில்லை என்றார். அவன் மரியாதைக்காகச் செய்ததைத் தான் கையின் பலம் என்று எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். தன் வக்கீலின் முகத்தை அவர் பார்க்கவில்லை. தான் எழுதியது தவறு என்று நாலு பேர் முன்னால் சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு மனம் வேண்டும் என்பது உமைராவுக்குத் தெரியும். சற்றுமுன்தான் அவளும் ஒரு வாக்கை உடைத்திருந்தாள். இறைவன் சில நேரம் எதிராளியின் வாயிலும் கருணையை வைக்கிறான்.

நீதிபதி அந்த அபிப்பிராயத்தைத் தள்ளிவிட்டார். ஆனால் உதவித்தொகைக்கு உத்தரவிடவில்லை. வேறொரு போர்டு புதிதாகப் பரிசோதிக்க வேண்டும், தேதி பின்னால் தெரிவிக்கப்படும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், அவர்களும் இதையே எழுதினாலும் எழுதலாம் என்று வைத்தீஸ்வரன் ஒளிக்காமல் சொன்னார்.

தாதரில் ரயில் ஏறும்வரை சலாவுதீன் அவளுக்கு நாலடி முன்னால் நடந்தான். பெட்டிக்குள் கூட்டம் நெருக்க, கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓரமாக நின்றான். யாரும் இடித்துவிடாமல் உமைரா முன்னால் மறித்து நின்றாள். சயானில் இறங்கிப் படியேறும்போது அவள் கேட்டாள்.

"கோவமா மச்சான்?"

"ஆமா" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அடுத்த போர்டுக்கு நீயும் உள்ள வரலாமான்னு வக்கீல் சார்ட்ட கேளு" என்றான்.