இரண்டு பூட்டுப் போட்ட கிளினிக்

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் காஜா பேராங்கில் எங்கள் பகுதிக்குப் பிரசவக் கிளினிக் வந்தது. வந்தது என்ன, கட்டி முடித்துப் பூட்டிவிட்டார்கள். கட்டடத்துக்குப் பணம் கொடுத்தது ஆளுங்கட்சி. நிலம் கொடுத்தது நகராண்மைக் கழகத்தைக் கையில் வைத்திருந்த எதிர்க்கட்சி. திறப்பு விழாவில் முதல் மாலை யாருக்கு என்று தகராறு. கோயில் கமிட்டியில் சண்டை வந்தால் ஆளுக்கொரு பூட்டுப் போடுவது நம் ஆட்களின் வழக்கம். அதையே இங்கேயும் செய்தார்கள். கட்டில், மருந்து எல்லாம் உள்ளே இருக்க, தாதி சீதா வாசலில் நாற்காலி போட்டுக் கர்ப்பிணிகளைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மத்தியானம் என் தங்கை ருக்மணிக்கு அந்த வாசலிலேயே பிரசவம் ஆனது. நான் சேலையை மறைப்பாகப் பிடித்திருந்தேன். பிள்ளை நன்றாக அழுதது. ருக்மணிக்குத்தான் ரத்தம் நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பியாச்சு. வண்டி வர்ற வரைக்கும் தாங்காது, பூங்காவனம். ஊசி மருந்து உள்ள அலமாரியில இருக்கு. சாவி வாங்கிட்டு ஓடியாங்க," என்றாள் சீதா.

ஓடினேன். ஆளுங்கட்சித் தலைவர் கலியாணசுந்தரம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அந்தத் தியாகுவ முதல்ல பூட்ட எடுக்கச் சொல்லும்மா. நான் எடுத்தா, கட்சி பணிஞ்சிருச்சுன்னு பேசுவானுங்க."

எதிர்க்கட்சித் தியாகுவிடம் ஓடினேன். "அவர் எடுக்கட்டும் அக்கா, மறு நிமிஷம் நானும் எடுத்துடுறேன்."

இவர்களெல்லாம் மனுஷ ஜென்மமா? இனி யார் காலிலும் விழுவதில்லை என்று, பக்கத்துக் கடை வாசலில் தேங்காய் உரிக்க நட்டு வைத்திருந்த கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். கதவிலிருந்து கொண்டியையே பெயர்த்துப் போட்டேன். சீதா உள்ளே பாய்ந்தாள். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் ரத்தம் மட்டுப்பட்டது. ருக்மணியைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம்.

கூப்பிட்டபோது வராதவர்கள், கதவை உடைத்த சேதி கேட்டதும் வந்துவிட்டார்கள். பூட்டு இரண்டும் திறக்காமலே கொண்டியோடு தரையில் கிடந்தன.

"யார் சொல்லி உடைச்சீங்க? தியாகுவா?" என்றார் கலியாணசுந்தரம்.

"என்னையா சொல்றீங்க? இது உங்க ஆளுங்க வேலை," என்றார் தியாகு.

"யாரும் சொல்லல. என் தங்கச்சி சாகக் கிடந்தா," என்றேன்.

இருவரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். புதுக் கிளினிக்கின் முதல் கட்டிலில் ருக்மணி கண்மூடிப் படுத்திருந்தாள், பக்கத்தில் பிள்ளை.

கலியாணசுந்தரம் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இவ புருஷன் எந்தக் கட்சிம்மா?"