இசைத்தட்டின் ஓரத்தில் ஒரு விரல்

1.

இந்தக் கதை ஒரு ரப்பர் பெல்ட்டிலிருந்து பிறந்தது. இதை ஆரம்பத்திலேயே போட்டு உடைக்கலாமா என்று யோசித்தேன். உடைத்தாகிவிட்டது, இனி யோசித்து என்ன பயன்?

பத்திரிகை ஆசிரியர் கேட்டது கதையே அல்ல. யாரும் கண்டுகொள்ளாத ஓர் இசைத்தட்டைப் பாராட்டி ஒரு கட்டுரை. என்னிடம் இருப்பதே ஒரே ஒரு தட்டுதான். பழைய சாமான் கடையில் ரெக்கார்டு பிளேயர் வாங்கியபோது அதன் மேலேயே உட்கார்ந்து வந்தது. ஃபங்க், சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பின இசை வகை. அட்டையில் ஒரு சலவை இயந்திரம் மட்டும். பின்பக்கம் ஈரம் பட்டு, பாடியவர், வாசித்தவர் பெயரெல்லாம் அழிந்திருந்தது. ஆகவே பாராட்டுவதற்கு முழுச் சுதந்திரம்.

முதல் தொடக்கம்: "துயரம் அவசரப்படுவதில்லை. இந்தத் தட்டில் பாடும் மனிதரும்..."

(நன்றாகத்தானே இருக்கிறது? ஆனாலும் பாதியிலேயே அடித்துவிட வேண்டியதாயிற்று. காரணம் மூன்றாம் பகுதியில்.)

2.

பாத்திரங்கள் இருவர். ஒருவர் அந்தப் பாடகர். கனத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் மாடிப்படியில் பீரோ ஏற்றுவது போல இழுத்து இழுத்துப் பாடுவார். மனைவி விட்டுப் போனவர் என்று எழுதினேன். சலவைக்கடை வைத்திருந்தார் என்றும் எழுதினேன், அட்டைக்கு ஒரு நியாயம் வேண்டாமா? இரண்டாம் பாட்டின் முடிவில் அவர் விம்முவார். அந்த விம்மலுக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி.

[விவரம் கேட்கப் போன இடத்தில் இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுவா, செம ஆட்டம் போட வைக்குமே சார்" என்றார். பாவம், காது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.]

இன்னொருவர் என் அக்கா. பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர் கைகாலை ஆட்டுவிப்பவள். அத்தான் தவறிய பிறகு என்னோடு வந்து இருக்கிறாள். வேலை, சமையல், பிறகு அறைக்கதவு. ஒரு சாயங்காலமாவது அவள் ஹாலில் என்னோடு உட்கார வேண்டும். இந்தக் கதையில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

அதற்காகத்தான் தட்டைப் போடுவேன். முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்துவிடுவாள்.

"வீட்ல ஒரு சாவு விழுந்தது பத்தாதாடா? இந்தாளு வேற தினம் வந்து ஒப்பாரி வைக்கணுமா?"

"இது சோல், அக்கா. ஆத்மாவோட இசை."

"சாந்தியடையட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

3.

என் பிறந்தநாளுக்குப் பரிசாக அக்கா ஒரு மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் பிளேயரைப் பிரித்து, தட்டைச் சுழற்றும், தொளதொளத்துப்போன ரப்பர் பெல்ட்டை விரலில் மாட்டிக் காட்டினார்.

"இத்தனை நாளும் தட்டு மெதுவா நொண்டிக்கிட்டே சுத்தியிருக்கு. இதுல எப்படி சார் பாட்டுக் கேட்டீங்க?"

கண்ணீரோடு கேட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

புது பெல்ட் மாட்டினார். ஊசி இறங்கியது. டிரம்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தது, பேஸ் கிதார் துள்ளியது, என் பாடகர் வாயைத் திறந்தார்.

பெண்.

"பொம்பளைடா" என்றாள் அக்கா. "நல்ல குஷியில இருக்கா போல."

மனைவி போனாள், சலவைக்கடை போனது. நான் எழுதிய பக்கங்களில் 'இசைத்தட்டு' என்ற சொல் மட்டும்தான் தேறியது. இரண்டாம் பாட்டின் முடிவில் அந்த விம்மல் வந்தது. விம்மல் இல்லை. பாட்டு முடிந்த சந்தோஷத்தில் அந்தப் பெண் சிரிக்கிறாள். யாரோ அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

4.

நியாயமாகப் பாராட்டிவிடுகிறேன். டிரம்ஸுக்கு அரை மூச்சு பின்னாலேயே பாடுகிறாள். எங்கே தவறவிடப்போகிறாளோ என்று நாம் பதறும்போது சரியாக வந்து சேர்ந்துகொள்கிறாள். அந்தப் பதற்றத்தில்தான் கால் தானாக ஆடுகிறது. அருமையான தட்டு. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அக்கா எழுந்தாள். அறைக்குப் போகவில்லை. தோளைச் சுழற்றினாள், முட்டியை மடக்கினாள், நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் பயிற்சிகளையெல்லாம் வரிசையாகச் செய்தாள். அதுதான் அவளுடைய நடனம்.

நான் ஆசைப்பட்ட சாயங்காலம் இதுதான். எனக்கோ அந்தக் கனத்த குரல் மனிதர் வேண்டியிருந்தது. தட்டின் ஓரத்தில் விரலை லேசாக வைத்தால் போதும், வேகம் குறையும், அவர் திரும்பி வந்துவிடுவார்.

5.

முடிவு ஒன்று: விரலை வைக்கிறேன். அவர் வருகிறார். அக்கா அறைக்குப் போய்க்...

முடிவு இரண்டு: விரலை எடுத்துவிட்டு நானும் ஆடுகிறேன். (என்னைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள்.)

நடந்தது: விரலை வைத்தேன். ஒரே ஒரு வரி, அந்தக் கனத்த குரல். அக்கா நின்றுவிட்டாள்.

"என்னடா பண்றே?"

"அத்தான் போனப்போ இந்தாளு கூடத்தான் அழுதேன், அக்கா."



"லூசு. நான் பக்கத்து ரூம்லதானே இருந்தேன்" என்றாள். பிறகு என் இடது கையைப் பிடித்தாள். "வா, முட்டிய மடக்கு."

இங்கேதான் நிற்கிறது கதை. வலது கை விரல் இன்னும் தட்டின் மேல். அவரும் பாதி வாயைத் திறந்தபடி இருக்கிறார். அடுத்த வாக்கியத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அக்கா இழுக்கிறாள்.