திருப்பிக் கூப்பிடுவார்

ஹாமுரா டீச்சரின் வகுப்பில் ஒவ்வொரு தொலைபேசிக்கு முன்னாலும் ஒரு சின்னக் கண்ணாடி நிற்கும். சிங்காரித்துக்கொள்ள அல்ல. ரிசீவரை எடுப்பதற்கு முன் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரித்த முகத்தோடு பேசினால் அந்தச் சிரிப்பு கம்பி வழியே போய் மறுமுனையில் இருப்பவர் காதில் விழும் என்பது டீச்சரின் அசைக்க முடியாத நம்பிக்கை. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் காலமெல்லாம் போன் எடுத்தவர். இப்போது ஜப்பானில் பனி கொட்டும் ஊரான நகாவோகாவில் ஒரு மகளிர் கல்லூரியில், வணிகப் பிரிவுப் பெண்களுக்கு ஆபீசில் எப்படிப் பேசுவது, எவ்வளவு குனிவது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று கற்றுக்கொடுக்கிறார். ஆளே எதிரில் இல்லாவிட்டாலும் போனில் பேசும்போது குனிந்து வணங்க வேண்டும். குனியாவிட்டால் அதுவும் குரலில் தெரிந்துவிடுமாம்.

மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும் என்பது முதல் விதி. கேட்கப்படும் ஆள் இடத்தில் இல்லையென்றால் என்ன சொல்வது என்பதுதான் அன்றைய பாடம்.

"எங்க போனாரு, எதுக்குப் போனாரு, டீ குடிக்கவா, பாத்ரூமுக்கா, அதெல்லாம் வெளியாளுக்கு எதுக்கு?" என்றார் டீச்சர். "'சீட்டை விட்டுக் கொஞ்சம் எழுந்து போயிருக்காருங்க. வந்ததும் திருப்பிக் கூப்பிடச் சொல்றேங்க.' அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு வார்த்தை வாயில இருந்து வரக்கூடாது."

"டீச்சர், ஆளு வேலையை விட்டே ஓடிப் போயிருந்தா?" என்று கேட்டாள் ருரி. வகுப்பில் எதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பவள்.

"அப்பவும் சீட்டை விட்டு எழுந்துதான் போயிருக்காரு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிகுசா மட்டும் சிரிக்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவுமில்லை. அவள் அப்பா இறந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

அப்பா பிளம்பர். குடும்பப் பெயரில் கோமாகி பிளம்பிங் என்று பக்கவாட்டில் எழுதிய ஒரு வேன், அதற்குள் அவர், அவ்வளவுதான் கம்பெனி. அக்டோபரில் ஒரு நாள் யார் வீட்டிலோ குழாய் மாற்றிவிட்டு, கடை ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்தி, சோற்று உருண்டையைப் பாதி தின்றவர் மீதியைத் தின்னவில்லை. மாரடைப்பு. கடைப் பையன் வேன் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான்.

பல் டாக்டர் ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி ஆகிவிட்டது சிகுசாவுக்கு. கடித்துப் பார்த்தாலும் வலிக்காது. ஈமச் சடங்கில் அம்மா அழுதாள், அத்தை அழுதாள், இவள் வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள். வந்தவர்களும் குடும்பத்து ஆட்கள்தான். இந்தக் காலத்தில் எல்லோரும் செய்வதுபோல் ஊருக்குச் சொல்லாமல் முடித்தார்கள்.

அதனால் அப்பாவின் வாடிக்கைக்காரர்களுக்கு விஷயம் தெரியாது. குளிர் வரப்போகிறது, தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமலிருக்க உறை சுற்ற அழைப்பார்கள். அம்மா சூப்பர் மார்க்கெட்டில் பொரித்த பண்டங்கள் விற்கும் பகுதியில் கொரொக்கே என்ற உருளைக்கிழங்கு வடை பொரிக்கிறவள். காலையில் போனால் இருட்டியபின்தான் வருவாள்.

"நீதான் போன் பேசறதையே பாடமா படிக்கிறியே," என்று அப்பாவின் கைபேசியை மகள் கையில் வைத்தாள். "கூப்பிடறவங்ககிட்ட நீயே பக்குவமா சொல்லிடு. என்னால அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல முடியாது."

மகளால் முடியும் என்று அவள் எதை வைத்து நினைத்தாளோ. அழாத பிள்ளை தைரியமான பிள்ளை என்று நினைத்திருப்பாள்.

முதல் அழைப்பு வந்தபோது சிகுசா சமையலறையில் நாளைய பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"கோமாகி பிளம்பிங். அழைத்ததற்கு நன்றிங்க."

"யாரும்மா அது? புதுசா ஆள் போட்டிருக்கானா கோமாகி? நான் ஒகுனோ பேசறேன். ஸ்டேஷன் பின்னால சலூன் வச்சிருக்கேன்ல. பின்பக்கக் குழாய்க்கு உறை பிஞ்சு தொங்குது. பனி விழறதுக்குள்ள வந்து பாக்கச் சொல்லணும். இருக்கானா?"

"மன்னிக்கணுங்க. கோமாகி இப்போ சீட்டை விட்டுக் கொஞ்சம் எழுந்து போயிருக்காருங்க. வந்ததும் திருப்பிக் கூப்பிடச் சொல்றேங்க."

வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. இடுப்பும் அதுபாட்டுக்குக் குனிந்தது, காஸ் அடுப்பைப் பார்த்து. ஒகுனோவின் பெயரையும் எண்ணையும் விதிப்படி ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். அவர் வைத்த பிறகே இவள் வைத்தாள். அதுவும் விதிதான்.

பிளம்பருக்கு ஏது சீட்டு? கேட்டவருக்கும் அது உறைக்கவில்லை, சொன்னவளுக்கும் உறைக்கவில்லை. உடனே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சிகுசா கைபேசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அரிசி கழுவப் போனாள்.

அடுத்து அழைத்தவருக்கும் அதே பதில்தான். ஒருவருக்கு உயிரோடு இருப்பவர் இன்னொருவருக்கு எப்படிச் செத்துப்போவார்? எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த அந்த வட்டாரத்தில் அந்தப் பொய் நிற்காதே என்றுகூட அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. பதில் தயாராக இருந்தது, சொன்னாள். அதைச் சொல்லும் நேரத்தில் மட்டும் அப்பா எங்கோ பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அது சந்தோஷம்கூட இல்லை. ஒன்றும் வலிக்காத ஒரு இடம், அவ்வளவுதான்.

"எல்லாருக்கும் சொல்லிட்டியா?" என்று அம்மா கேட்பாள், எண்ணெய் வாடையோடு வந்து காலணியைக் கழற்றியபடி.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"வருத்தப்பட்டாங்க."

ஒகுனோ மறுபடி அழைத்தார். அதற்குப் பிறகும் ஒரு தடவை அழைத்தார். அப்போது அவர் குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது. "அவசரப்படுத்தறேன்னு நெனைக்க வேண்டாம்மா. வேற பிளம்பர் கிடைக்காம இல்ல. ஆனா கோமாகி சொன்னா வந்துருவான். அவன் கைதான் நமக்குச் சரி. காத்திருக்கேன்னு சொல்லு."

"கண்டிப்பா சொல்றேங்க," என்று குனிந்தாள்.

டிசம்பரில் தேர்வு. டீச்சர் அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு, முரட்டு வாடிக்கைக்காரர்போல் குரலை மாற்றிப் பேசுவார். பெண்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சமாளிக்க வேண்டும். ருரி பாதியில் சிரித்துக் கெடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி திட்டு வாங்கியதும் ரிசீவரைப் போட்டுவிட்டாள். சிகுசா கண்ணாடியில் சிரித்து, எடுத்து, குனிந்து, இல்லாத மேலாளருக்காக மன்னிப்புக் கேட்டு, அவர் திருப்பிக் கூப்பிடுவார் என்று சொல்லி வைத்தாள்.

டீச்சர் வெளியே வந்து அவள் தோளைத் தொட்டார்.

"கோமாகி, உன் குரல்ல ஒரு மேடு பள்ளம் கிடையாது. இஸ்திரி போட்ட துணி மாதிரி இருக்கு. இத்தனை வருஷத்துல நான் பார்த்ததே இல்ல. எப்படிம்மா பழகின?"

"வீட்டுல பழகறேன் டீச்சர்."

"இவளைப் பாத்துக் கத்துக்கங்கடி," என்றார் டீச்சர் மற்றவர்களிடம். முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று இரவு படுக்கும்வரை காத்துப் பார்த்தாள்.

அந்த வாரமே பனி கொட்டத் தொடங்கியது. பனியைக் கரைக்கத் தெருவின் நடுவில் பதித்த குழாய்கள் தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்தன. ஒரு விடியற்காலையில் அப்பாவின் கைபேசி அலறியது.

"குழாய் வெடிச்சிருச்சு!" ஒகுனோதான். பின்னால் தண்ணீர்ச் சத்தம், யாரோ பெண் கத்தும் சத்தம். "கடை பூரா வெள்ளம்! எங்கே அவன்? போனை அவன்கிட்ட குடு!"

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கல்லும் வாய் திறந்திருக்கும்.

"கோமாகி இப்போ சீட்டை விட்டு..."

"விடியக்காலையில என்னடி சீட்டு? நீங்கல்லாம் மனுஷங்கதானா?" ஒகுனோ துண்டித்துவிட்டார்.

அவர் வைத்த பிறகே இவள் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து அம்மா வேலையிலிருந்து வந்தவள் கோட்டைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ரெண்டு பொம்பளைங்க என் கவுண்டர் முன்னால நின்னு பேசிக்கிட்டாங்க. குழாய்க்குக் கோமாகியைக் கூப்பிடலாமான்னு ஒருத்தி கேக்குறா. ஐயோ அவனையா, போன் பண்ணா வர்றேன்னுட்டு ஏமாத்தறான், தலைக்கனம் ஏறிப்போச்சு, சலூன்காரரு சொன்னாருன்னு இன்னொருத்தி சொல்றா. நான் இடுக்கியும் கையுமா நிக்கிறேன். எண்ணெயில கொரொக்கே கருகுது."

சிகுசா அப்பாவின் கைபேசியை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள்.

"நீ சொல்லவே இல்லையாடி?"

"சீட்டை விட்டு எழுந்து போயிருக்காருன்னு சொன்னேன்."

அம்மா அவளை அடித்திருக்கலாம். கத்தியிருக்கலாம். மெதுவாகத்தான் சொன்னாள். "உங்கப்பாவை யாரு கூப்பிட்டாலும் அந்த ராத்திரியே திருப்பிக் கூப்பிட்டுருவாரு. காய்ச்சல்ல கிடந்தாலும் கூப்பிட்டுருவாரு. நமக்குன்னு அவரு விட்டுட்டுப் போனதே அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டியே."

மறுநாள் சிகுசா நேர்முகத் தேர்வுக்கு வாங்கிய கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு, பலகாரப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு ஒகுனோவின் சலூனுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கப் போகும் முறையும் பாடத்தில் உண்டு. முதலில் ஆழமாகக் குனிய வேண்டும், பேசி முடித்த பிறகே பெட்டியைப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்ட வேண்டும்.

கடையில் ஈரத்தரையில் பழைய துண்டுகள் பரப்பியிருந்தன. நாற்காலியில் ஒருவர் முகத்தில் சுடுதுண்டோடு சாய்ந்திருந்தார். அடுப்பில் கெட்டில் கெட்டிலாக வெந்நீர் கொதித்தது. ஒகுனோ பருத்த, குட்டையான மனிதர்.

"எங்களோட கவனக்குறைவால உங்களுக்குப் பெரிய சிரமம் ஆயிடுச்சுங்க. எவ்வளவு மன்னிப்புக் கேட்டாலும் போதாதுங்க." சிகுசா குனிந்தபடியே நின்றாள்.

"போன்ல பேசற பொண்ணா நீ? கோமாகி மகளா?" ஒகுனோ சவரக் கத்தியைத் துடைத்தார். "நீ எதுக்கும்மா குனியற? உங்கப்பனை வந்து குனியச் சொல்லு. போன வருஷம் வாசல் மறையப் பனி கொட்டினப்ப நடந்தே வந்த ஆளு. இப்ப என்ன, லாட்டரி விழுந்துருச்சா அவனுக்கு?"

சுடுதுண்டுக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

சிகுசா நிமிர்ந்தாள். வாய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. "கோமாகி இப்போ..."

எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் கறுப்பு உடை போட்ட ஒரு பெண் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹாமுரா டீச்சர் பார்த்தால் மெச்சியிருப்பார். சிகுசா அந்தச் சிரிப்பை எடுக்கப் பார்த்தாள், அது போகவில்லை. சிரித்த முகத்தோடேயே சொன்னாள்.

"அப்பா செத்துட்டாரு."

நாற்காலிக்காரர் துண்டை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"எப்போ?" என்றார் ஒகுனோ.

"அக்டோபர்ல. வேன்ல உக்காந்தபடியே."

"அப்போ நான் மொத மொத கூப்பிட்டப்பவே..."

"ஆமாங்க."

ஒகுனோ கத்தியை மடக்கி வைத்துவிட்டுக் காலியாக இருந்த பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. "இந்த ஒரு மாசமா இங்க வந்து உக்காந்த ஒவ்வொருத்தன்கிட்டயும் அவனை ஏசியிருக்கேன். சோம்பேறின்னேன். ஏமாத்துக்காரன்னேன். இதோ, இப்பக்கூட. குழாய் போனாப் போகுது, அதை மாத்திக்கலாம். செத்தவனைப் பேசினதை நான் எங்க போய்த் துடைப்பேன்? நாப்பத்தொம்பதாம் நாள் காரியமும் முடிஞ்சிருக்குமே. ஒரு ஊதுபத்தி ஏத்த விடலையே என்னை!"

அவர் கோபமாக இருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சிகுசா பெட்டியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அதைக் கொண்டுபோய் அவன் படத்துக்கு முன்னால வை. சாயங்காலம் கடையைச் சாத்திட்டு வர்றேன். நான் ஏசினவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ காக்க வச்சவங்களுக்கு நீ சொல்லு. அவன் இருந்தா யாரையும் இப்படிக் காக்க விட மாட்டான்."

வெளியே பனி நின்றிருந்தது. சலூனின் சுழலும் விளக்குக்குக் கீழே நின்று அப்பாவின் கைபேசியை எடுத்தாள். கடைசியாக யார் யார் அழைத்தார்கள் என்று அதில் இருந்தது. ஒரு எண்ணை அழுத்தினாள். எதிரில் கண்ணாடி இல்லை. முகம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

"கோமாகி பிளம்பிங்குங்க. திருப்பிக் கூப்பிடறதா சொல்லியிருந்தோம்."

"அட, ஒருவழியா!" வயதான ஒரு பெண்மணியின் குரல், சந்தோஷமாக. "நான்தான் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன், கோமாகி கூப்பிடாம இருக்க மாட்டாருன்னு. எங்க, அவர்கிட்ட குடும்மா."

"அப்பா உங்களைக் காக்க வைக்கலங்க. அப்பா..." என்று தொடங்கியவளுக்கு, மேடு பள்ளமே இல்லாத அந்தக் குரல் நடுவில் உடைந்தது. "நான்தாங்க காக்க வச்சேன். அப்பா அக்டோபர்லயே செத்துட்டாரு. அப்பா செத்துட்டாருங்க."

தெருவில் நின்று ஓவென்று அழுதாள். விதிப்படி மறுமுனையில் இருப்பவர் வைத்த பிறகுதான் வைக்க வேண்டும். அந்தம்மா வைக்கவில்லை.

"அழு தாயி, அழு," என்றார். "நான் லைன்லயேதான் இருக்கேன்."