புத்திர பௌத்திர பாரம்பரியமாய்

பூந்தமல்லியில் இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். கோதண்டம் எழுதிய பத்திரம் என்றால் ரிஜிஸ்தர் ஆபீசில் இரண்டாம் தரம் புரட்டிப் பார்க்கமாட்டார்கள். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பாதி காலியானது. ஓடிவந்தவர்கள் இந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகையைக்கூட வாடகைக்குக் கேட்டார்கள். கிரயமும் அடமானமுமே எழுதிப் பழகிய என் கைக்கு ஒரே நாளில் ஒன்பது வாடகைப் பத்திரம் வந்து சேர்ந்தது. ஒன்பதாவது, ரசூல் பீவியின் வீட்டுக்கானது.

ரசூல் பீவிக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள் ஜரினாவை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருந்தாள். தான் மட்டும் இருக்கிற ஓட்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தம்பி ஜாபர் அலி வீட்டில் ஒண்டிக்கொள்வதாக ஏற்பாடு. குடி வந்தவர் பட்டணத்து குமாஸ்தா நாகேந்திரன், கூடவே மனைவி தாட்சாயிணி. கெடு பதினோரு மாதம். அதற்கு மேல் போனால் ரிஜிஸ்தர் செய்ய வேண்டும் என்பதால் ஊரில் எல்லாருக்கும் பதினோரு மாதம்தான்.

எழுதிய பத்திரத்தை எழுத்து தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகே ரேகை வாங்க வேண்டும். அது எங்கள் தொழிலின் முறை. நானும் வாசித்தேன். காகிதம் கையில் இருந்தது, மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. கண், வாசலில் போன காப்பிக்காரன் மேல் இருந்தது. எல்லாம் மனப்பாடம்தானே! பதினோரு மாதம் முடிந்ததும் வீட்டைக் காலிசெய்து ஒப்படைக்க வேண்டியது என்று வாய் சொன்னது. ரசூல் பீவி தலையாட்டிவிட்டு இடது கட்டைவிரலை மையில் உருட்டி வைத்தாள்.

மறு வருஷம் பங்குனி மாதம் அந்தம்மாள் என் மேஜைக்கு முன் வந்து நின்றாள். ஜரினாவுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும், ஜாபர் அலியின் வீட்டிலோ இரண்டு அறைக்குள் எட்டுப் பேர். நாகேந்திரன் காலி செய்யமாட்டேன் என்கிறார், கேட்டால் பத்திரத்தைப் பார் என்கிறார் என்றாள். நான் சிரித்தேன். கோதண்டம் எழுதிய பத்திரத்தில் ஓட்டையா? இடுப்பில் செருகியிருந்த பிரதியை வாங்கிப் பிரித்தேன்.

"மேற்படி வீட்டை இன்று முதல் தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

சாட்சாத் என் கையெழுத்து. மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள் என்று வீட்டை விலைக்கு வாங்கியவனுக்கு எழுதுகிற வரி. கிரயம் எழுதிய கை, கெடுவை எழுத வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் அதை எழுதிவிட்டது. பதினோரு மாதம் என்ற பேச்சே காகிதத்தில் இல்லை. வாசித்தபோது என் வாயில் மட்டும்தான் இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். ரசூல் பீவி சத்தம் போடவில்லை.

"காயிதத்துல இல்லாததை எங்கேருந்து படிச்சே, அண்ணாத்தே? உன் வாயை நம்பித்தானே கைநாட்டு வெச்சேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

தெரிந்த வக்கீலிடம் ஓடினேன். ரிஜிஸ்தர் ஆகாத பத்திரத்தில் இந்த வரி செல்லாது, கோர்ட்டில் ஜெயிக்கலாம் என்றார். எத்தனை நாளாகும் என்றேன். பிறக்கப்போகிற குழந்தை நடந்து வந்து சாட்சி சொல்லும் என்றார். இவருக்கு வேறு ஃபீஸ்!

நேரே நாகேந்திரனிடமே போனேன். மனிதர் தங்கமாக உபசரித்தார். ஆவடியில் புதிதாக வந்த ராணுவ டிப்போவில் வேலை கிடைத்துவிட்டதாம், சைக்கிளில் போய்வர இந்த வீடு தோதாம். பேசுவது நானில்லை சார், பத்திரம் என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தாட்சாயிணி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. கெடு முடிந்தும் வீட்டுக்கார அம்மாள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லி மன்றாடுகிறாளாமே, இந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்து என் கை போயே போச்சு, புரசைவாக்கத்தில் எங்கள் அம்மா வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறாள் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். நாகேந்திரனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஆக, பெண்டாட்டியிடம் பத்திரத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை! எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

பத்திரத்தைச் சரியாக வாசித்துக் காட்டுவது என் கடமை, போன வருஷம் தவறிவிட்டேன், இப்போது செய்கிறேன் என்றேன். நாளைக்குப் பார்க்கலாமே என்றார் நாகேந்திரன். தாட்சாயிணி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, விரலை வைத்து வாசித்தேன். புத்திர பௌத்திரவில் நிறுத்தினாள்.

"அப்படின்னா இன்னா அர்த்தம்?"

"உங்க மகன், பேரன், அவனோட பேரன், அத்தனை பேருக்கும் இந்தக் கிணறுதாம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். நான் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் அவள் குரல் கேட்டது. நாலாம் நாள் காலை அந்த வீட்டு வாசலில் பெட்டி படுக்கையோடு ஒற்றை மாட்டு வண்டி நின்றது. வண்டிக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாகேந்திரன்.

ஜரினா வந்து இறங்கிய மறுநாள், வீட்டை ஒப்படைத்ததற்கான ரசீதை நானே எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எழுத்துக்கூலி வாங்கவில்லை. கண்ணாடியைப் போட்டு, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். ரசூல் பீவி கையை நீட்டவில்லை.

"கோச்சுக்காதே அண்ணாத்தே. ஜரினா ஒருக்கா படிச்சிரட்டும்."

ஜரினா மூச்சு வாங்க டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, என் எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் என் பத்திரத்தை என் கண்ணெதிரிலேயே சரிபார்த்த முதல் ஆள். பரீட்சைக்கு வந்தவன் மாதிரி எனக்கு வியர்த்தது.

"செரியாத்தான் கீதும்மா."

அதன் பிறகுதான் கட்டைவிரல் மைக்கு வந்தது.

ஜரினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போதெல்லாம் கண்ணாடி இல்லாமல் நான் ஒரு வரி வாசிப்பதில்லை. ஊர் மறுபடியும் என்னை நம்பிக் கைநாட்டு வைக்கிறது. ரசூல் பீவி மட்டும், பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் என் மேஜைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.